தள்ளிவைக்கத் தக்கது

பெருந்தொற்றின் முதல் ஊரடங்கில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. உடனடி ஆபத்தில்லாத அறுவைச் சிகிச்சைகளை மருத்துவமனைகள் தள்ளிவைக்க வேண்டும். வருவாய்த் துறையில் இத்தகைய ஆணைகளை எழுதியும் எழுதவைத்தும் ஓய்வு பெற்றவன் நான். முதல் வாசிப்பில், நல்ல வரைவு என்று பாராட்டினேன். இரண்டாம் வாசிப்பில்தான் அது என் மனைவியைப் பற்றியது என்று புரிந்தது. அவளுக்குப் பித்தப்பையில் கல். மறுவாரம் வேலூரில் அறுவைச் சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார்கள்.

மருத்துவர் அம்மாவை அலைபேசியில் பிடித்தேன். கொள்ளைநோய்ச் சட்டம், பேரிடர்ச் சட்டம், இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து, அதன் வழியாக என் மனைவி எப்படி நுழையலாம் என்பது வரை விளக்கினேன். அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்க சொல்றது சரியா கூட இருக்கும் சார். மயக்கம் குடுக்கற டாக்டர் தொற்று வார்டுல இருக்காரு. அவரை எந்த செக்ஷன்ல வெளிய கூப்பிடறது? போனை அம்மாகிட்ட குடுங்க.”

என்னிடம் பேசியதைவிட அவளிடம் அதிக நேரம் பேசினார். வைத்ததும் என் மனைவி சொன்னாள்: “குளிர் காய்ச்சல் வந்தாலோ, கண்ணு மஞ்சளானாலோ உடனே வந்துடணுமாம். யாரையும் கேக்கத் தேவையில்லையாம்.” கடைசி வாக்கியம் மருத்துவருடையதா இவளுடையதா என்று நான் விசாரிக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அவளுக்குக் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. கண்ணும் மஞ்சளாகியிருந்தது. நாங்கள் இருப்பது ஆற்காட்டில். மாவட்டத்தைப் பிரித்ததில் வேலூர் எங்களுக்கு வெளி மாவட்டமாகிவிட்டது. இடையில் சோதனைச் சாவடி. ஆகவே நான் கணினி முன் அமர்ந்து இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். காரணம் கேட்ட இடத்தில் ‘அறுவைச் சிகிச்சை’ என்று எழுதினேன். சற்று நேரத்தில் மறுப்பு வந்தது: அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டுள்ளன. ஆணையை ஒழுங்காகப் படித்த அலுவலர். என் கீழ் இருந்திருந்தால் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்திருப்பேன்.

உயிருக்கு ஆபத்தான நோயாளிக்கு பாஸே வேண்டியதில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொன்னவன் நான்தான். ஆனால் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்வதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

வாசலில் வண்டிச் சத்தம். பக்கத்து வீட்டு பாய் தோல் மண்டிகளுக்கு உப்பிட்ட தோல் ஏற்றும் வேன் வைத்திருந்தார். என் மனைவி அவரை அழைத்து, முன் சீட்டில் ஏறிவிட்டிருந்தாள்.

“நீங்க நிதானமா எழுதிட்டு வாங்க,” என்றாள். “நான் பாயோட போறேன்.”

ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். மண்டிகள் மூடிக் கிடந்தும் தோல் வாடை வேனை விட்டுப் போயிருக்கவில்லை. முகக்கவசம் அன்று இரட்டைப் பயன் தந்தது. சாவடியில் ஒரு பெண் காவலர் கை காட்டினார். நான் இறங்கி ஆணை எண்ணிலிருந்து தொடங்கினேன்.

“அவர் முடிக்க நேரமாகும்மா,” என்றார் பாய். “இப்பதான் முதல் பக்கம்.”

காவலர் என்னைக் கடந்து போய் என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “இன்னா சார், கண்ணு இப்படி இருக்கு, நின்னு பேசினு இருக்கீங்க? ஏறுங்க மொதல்ல.” தடுப்பை அவரே இழுத்து நகர்த்தினார்.

பித்தக் குழாயை அடைத்திருந்த கல்லை அன்றே எடுத்தார்கள். அவள் சற்றுத் தேறியபின் பித்தப்பையையும் எடுத்தார்கள். “சீழ் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிருந்தது,” என்றார் மருத்துவர். “வேற எந்த கேஸும் இல்லாததால ஆபரேஷன் மேசை காலியா இருந்தது. எப்பவும் போல இருந்தா, காத்திருக்கத்தான் வெச்சிருப்போம்.”

சட்டத்தில் சந்து தேடிய எனக்கு அந்தச் சட்டமே மேசையைக் காலி செய்து வைத்திருந்தது. அரசாணை ஒன்றுக்கு நன்றிக் கடிதம் எழுத எந்த நடைமுறையும் இல்லை. இருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் மறுபரிசோதனைக்குப் போனோம். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் நெமிலிப் பக்கத்து விவசாயி. குடலிறக்கம், அவருக்கும் அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அறுவைக்கு அன்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

“இத்தினி மாசம் எப்படி ஓட்டினீங்க?” என்றாள் என் மனைவி.

“பெல்ட்டைக் கட்டிக்கினு ஓட்டினேம்மா. கோவம் ஜாஸ்திதான். போன் பண்ணி டாக்டரம்மாவைத் திட்டிட்டேன். உசுருக்குப் போராடற யாரோ ஒருத்தருக்கு எடம் விடுங்கன்னாங்க. யாருன்னு கேட்டேன். இன்னும் வரலைன்னாங்க.”

“நான்தாங்க அது,” என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இப்ப நல்லா கீறீங்களாம்மா?”

“நல்லா இருக்கேன்.”

“அப்ப சரி.”

செவிலியர் அவரை உள்ளே அழைத்துப் போனார். எங்கள் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அவரை வெளியே கொண்டுவரும் வரை நாங்கள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.