ஓஸ் வழியாக வந்த பாம்பு

போன வாரம் பெருங்களத்தூரில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பாம்பு வந்துவிட்டது. யாரோ போன் செய்ய, முழங்கால்வரை பூட்ஸ் போட்ட ஒருவர் வளைந்த கம்பியும் நீளப் பையுமாக வந்தார். பால்கனிகளிலிருந்து எல்லோரும் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பாம்பு பைக்குள் போய்விட்டது. நானும் கைதட்டினேன். ஆனாலும் மனசுக்குள் ஓர் அற்ப எண்ணம்: கம்பி இருந்தால் யார்தான் பிடிக்கமாட்டார்கள்?

அப்படி நினைக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தபின் நான் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பம்மலில் ஒரு தோல் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்தேன். தோலிலிருந்து சுரண்டிப்போடும் சவ்வைத் தின்று தின்று அங்கே தெருநாய்கள் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். மதியம் நாங்கள் ஊறுகாயும் சோறும் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்க்கும், கேட்காது. எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டன என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்புறம் மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனி. அங்கே ஒரு பெண் குரங்கு, சைக்கிளில் தொங்கும் டிபன் பாக்ஸின் கிளிப்பைத் திறந்து முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். "அதுக்கு இருக்கிற சூட்டிகை உனக்கு இல்லியேடா" என்பார் சூப்பர்வைசர். அந்த அவமானம் தாங்காமல் வேலையை விட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் ஆள் குறைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் லாரியில் கிளீனர் வேலை. இரண்டாயிரத்து மூன்று, நாலு வாக்கில் சென்னையே காய்ந்து கிடந்த கோடை அது. மண்ணிவாக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய கிணறு இருந்தது. அதில் நிரப்பிக்கொண்டு தாம்பரம், சேலையூர் பக்கம் ஊற்றுவோம். லாரி நிரம்பும்வரை, தண்ணீர் இறக்கும் ஓஸ் குழாயைக் கிணற்று மேட்டில் விரித்துப் போட்டிருப்போம். ஈரமான ஓஸுக்குள் தவளை போகும். தவளையைத் தேடிச் சில சமயம் பாம்பும் போகும். அதனால் தண்ணீர் இறக்கும்போது ஓஸின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவது வழக்கம்.

சேலையூரில் ஒரு லைன் வீடு. எல்லா வீட்டுக்கும் பொதுவாக, தரைக்கடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, சம்ப். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் லாரி போயிருந்தது. தண்ணீர் விழ ஆரம்பித்ததும் பெண்களுக்குப் பொறுமை இல்லை.

"இன்னாப்பா, மூக்கு ஒழுகுற மாரி வுடுற? துணிய கழட்டுப்பா!" என்று கத்தியது அங்கே குடியிருந்த குமாரி அக்கா. அவர் மகள் பிரசவமாகி அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்டக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை.

டிரைவர் முனுசாமி அண்ணனும், "கழட்டி வுடுடா, அடுத்த லோடு கீது" என்றார்.

கழற்றினேன். முதலில் சம்புக்குள் தவளை விழுந்தது. அதன் பின்னாலேயே கைநீளத்துக்கு மேல் ஒரு பாம்பு.

வால்வை மூடுவதற்குள் தெருவே கூடிவிட்டது. வீட்டுக்காரர் ப்ளீச்சிங் பவுடரைப் பையோடு தூக்கிவந்தார். "மொத்தமா கொட்டிட்டா செத்துப் பூடும்."

"செத்தா? அந்தத் தண்ணியிலயா எம் பேத்திய குளிப்பாட்றது? அடுத்த லாரி எப்ப வரும்னு சொல்லு, அப்பால கொட்டு!"

அடுத்த லாரி எப்போது வரும் என்பது அன்றைக்கு எங்கள் முதலாளிக்கே தெரியாது.

கடைசி வீட்டு ஸ்டெல்லா டீச்சர் எட்டிப் பார்த்தார். "அது தண்ணிப்பாம்புப்பா. விஷம் கிடையாது. ஆனா கடிக்கும்." யாரும் நம்பவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் டீச்சர்களை நம்பாமல் போய்த்தானே ஓஸ் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இவரையாவது நம்புவோம் என்று சட்டையைக் கழற்றினேன்.

குமாரி அக்கா குறுக்கே வந்தது. "இரு இரு. பாம்பவுட நீதான் அழுக்கா கீற." சோப்பை என் கையில் திணித்து, எங்கிருந்தோ அரைக் குடம் தண்ணீரையும் கொண்டுவந்தது. நடுத்தெருவில், அத்தனை பேர் முன்னால் குளித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

உள்ளே நெஞ்சளவு தண்ணீர். மூடித் திறப்பு வழியாக ஒரு சதுர வெயில் மட்டும். பாம்பு சுவரை ஒட்டிச் சுற்றிச்சுற்றி வந்தது. ஏறப் பார்த்து, வழுக்கி விழுந்தது. துரத்தினால் எனக்குச் சிக்காது என்று தெரிந்தது. அப்படியே நின்றேன். ரொம்ப நேரம். மேலிருந்து, "பையன் இருக்கானா, பூட்டானா?" என்று குரல் வந்தது.

நீந்தி நீந்தி அது களைத்துவிட்டது. அந்தச் சம்பில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரே பொருள் நான்தான். மெதுவாக வந்து என் தோளில் ஏறிப் படுத்தது. குளிர்ந்த கனம். அப்படி என்னை நம்பி அதுவரை யாரும் சாய்ந்ததில்லை. கழுத்துப் பக்கம் பிடித்தேன். உடனே திரும்பிக் கட்டைவிரலுக்குக் கீழே நறுக்கென்று கடித்தது. நான் விடவில்லை.

ஒரு கையில் பாம்பு, அதே கையில் ரத்தம் வழிய, மறு கையால் ஏணியைப் பிடித்து மேலே வந்தேன். குமாரி அக்கா கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டது. டீச்சர் என் விரலைக் கழுவிவிட்டு, "ஊசி ஒண்ணு போட்டுக்கோ, சாகமாட்டே" என்றார். சாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இவன் சுருண்டு விழுவதாக இல்லை என்று தெரிந்ததும், குமாரி அக்காதான் முதல் வாளியை இறக்கி மொண்டது. கூட்டம் அதன் பின்னால் வரிசை கட்டியது. அந்த வாளி மேலே வந்ததைப் பார்த்தபோது பட்ட பெருமையை நான் வேறெந்த வேலையிலும் பட்டதில்லை.

ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, பாம்பை லாரியிலேயே திரும்பக் கொண்டுபோனேன். "ரிட்டன் டிக்கெட்டாடா அதுக்கு?" என்று வழியெல்லாம் திட்டினார் முனுசாமி அண்ணன். ஆனால் கிணற்றருகே வண்டியை நிறுத்தி, டப்பாவின் மூடியைத் திறந்தவர் அவர்தான். தண்ணீரில் விழுந்ததும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் மண்ணிவாக்கம் போயிருந்தேன். வயல் இல்லை. கிணறு இருந்த இடத்தில் நாலு மாடிக் குடியிருப்பு. வாசலில் இருந்த காவலாளியிடம், தண்ணீர் எப்படி என்று விசாரித்தேன்.

"லாரிதான் சார்."

"பாம்பு ஏதாவது வருமா?"

"எங்கேர்ந்து சார் வரும்?" என்று சிரித்தார்.

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். ஏறக்குறைய அந்த இடத்தின் மேல்தான் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.