அன்வர் காக்கா வாசிக்காத கடைசிக் கட்டு

அன்வர் காக்கா மௌத்தாகிவிட்டார். நேற்றுக் காலை போன் வந்தது, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டு வந்தோம்.

இன்னும் நம்ப முடியவில்லை... போன கிழமைகூட ஹொஸ்பிட்டலிலிருந்து சிரித்துக் கதைத்த மனிசன்.

சம்மாந்துறையில் நாங்கள் வேலை செய்யும் அரிசி ஆலையில் அவர்தான் தராசுக்குப் பொறுப்பு. நான் ஒபிஸில், ஜவாத் லொறியில். மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம், துப்பறியும் கதை.

கடைசியாகக் கிடைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் நடக்கும் ஒரு நாவல், தமிழ் மொழிபெயர்ப்பு. தலையணை சைஸ். ஒரே ஒரு கொப்பி. யார் முதலில் வாசிப்பது என்று சண்டை வந்ததும் காக்கா பிளேட்டை எடுத்துப் புத்தகத்தின் முதுகைக் கிழித்தார். நாலைந்து அத்தியாயம் ஒரு கட்டு என்று ஸ்டேப்ளர் அடித்தார்.

"புத்தகத்தை வெட்டலாமா காக்கா?" என்று பதறினேன்.

"கோழிய அறுக்காம பங்கு போட ஏலுமா?"

முதலில் நான், பிறகு ஜவாத், கடைசியில் காக்கா. முன்னால் வாசித்தவன் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

மனிசன் வாசிக்கிற ஸ்பீட் இருக்கே... ஒரு கட்டு அவர் வீட்டுக்குப் போனால் திரும்பிவர ஒரு கிழமை. "எழுத்துக் கூட்டியா வாசிக்கிற காக்கா?" என்று ஜவாத் பகிடி பண்ணுவான். அவர் சிரிப்பதோடு சரி.

வாசித்துவிட்டு வந்து கேட்கிற கேள்விகள்! "குதிர வண்டிக்காரன் எல்லாத்தையும் பாத்திரிப்பானே, அவனிட்ட ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?" நெல் மூட்டை தராசில் காத்துக்கொண்டிருக்கும். இங்கே லண்டன் வண்டிக்காரனுக்கு விசாரணை நடக்கும்.

"மையித்த இத்தின நாள் வெச்சிக்கி இரிக்கானுகளே! நம்மட ஊரெண்டா அண்டைக்கே அடக்கிரிப்பம். துப்பறியிறவன் வந்து எதப் பாக்கிற?"

நேற்று மையவாடியில் மண் போடும்போது இதுதான் ஞாபகம் வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கடைசிக் கட்டு அவர் கைக்குப் போகுமுன் ஹொஸ்பிட்டலில் சேர்த்துவிட்டார்கள். "ஆரு கொன்றதெண்டு செல்லவா காக்கா?" என்று போனில் கேட்டேன்.

"வாய மூடு மனே. வந்து நானே வாசிக்கன்."

வரவில்லை. கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்விட்டார். சொல்லியிருக்கலாமோ... இரவெல்லாம் மனது கேட்கவில்லை.

இன்று காலை அவருடைய மகள் போன் எடுத்தாள். "உம்மா கேக்கச் சொன்னா... அந்தப் புத்தகத்துட கடைசிக் கட்டு உங்களிட்டயா இரிக்கி?"

காக்கா ஒவ்வொரு கட்டையும் தன் மனைவிக்கு, எங்கள் ராத்தாவுக்கு, உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஒரு கிழமைக்குக் காரணம் அதுதான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ள மனிசன்.

ராத்தா இப்போது கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில், நாலு மாதத்துக்கு மேல் வெளியே வரமாட்டார். மகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"ஆரெண்டு செல்லிர வேணாமெண்டு செல்லு மகள். கதையில வாற டொக்டர்தான் எண்டு வாப்பா செல்லிட்டுப் போனாரு. நான் வாசிச்சிப் பாக்கன்."

ஜவாத் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

அல்லாஹ் உங்களைப் பொருந்திக்கொள்ளட்டும் காக்கா. நீங்கள் நினைத்தது சரியா பிழையா என்று இங்கே எழுத ஆசைதான்...

ராத்தா பேஸ்புக் பார்ப்பார். இன்னும் வாசித்து முடிக்கவில்லை.