இடது தோளுக்கு இழைத்த ரைஃபிள்

எனக்கு எழுதுவதும் இடது கை, குறி பார்ப்பதும் இடது கண். திருச்சியில் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்த அன்றே செயலாளர், "கையை மாத்திக்குங்க மேடம், லெஃப்ட் ஹேண்டுக்கு இங்க ரைஃபிள் கிடையாது" என்றார். நாற்பத்தைந்து வயதில் கையை மாற்றிக்கொள்ள நான் என்ன எல்கேஜி பிள்ளையா?

லைசென்ஸுக்காக அலையோ அலையென்று அலைந்து, கிளப்பில் ஒருவர் விற்ற பழைய பாயின்ட் டூ டூ ரைஃபிளை வாங்கினேன். கன்னம் பதிக்கும் மேடு வலது கைக்காரர்களுக்காக அதன் மரக்கட்டையின் இடப்பக்கம் இருந்தது. குழலிலும் விசையிலும் நாம் கை வைக்கக் கூடாது, சட்டம் விடாது. மரம் நம் இஷ்டம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து அந்த மேட்டை இழைத்துத் தள்ளினேன். வலப்பக்கம் தேக்குத் துண்டை ஒட்டி, கன்னத்துக்குச் சரியாக வரும்வரை உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு துண்டுகள் பாழாயின. மூன்றாவது கன்னத்தோடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

செயலாளர் பார்த்துவிட்டு, "நல்ல கட்டையைக் கெடுத்துட்டீங்களே! இதை வெச்சுக்கிட்டு மார்க் எப்படி வரும்?" என்றார். மாவட்டப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுக்காவிட்டால் ரைஃபிளை விற்றுவிட்டு இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

போட்டி விஜயதசமி அன்று. முந்தின நாள் ஆயுத பூஜையில் ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனையோடு ரைஃபிளும் என் கணவர் கையால் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எங்கள் வீட்டில் தொடமாட்டோம். காலையில் கற்பூரம் காட்டியதும் அவசரமாக மேலே மட்டும் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மைதானத்தில் குப்புறப் படுத்து, குறி பார்க்கும் துளையில் கண்ணை வைத்தால் ஒரே இருட்டு. துளை நிறைய சந்தனம், காய்ந்து கல்லாக. பின்னால் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பொட்டு வைக்கத் தோதா ஒரு குழி இருந்துச்சு..."

அட ராமா! தாலிச் சரட்டில் கோர்த்திருந்த ஊக்கைப் பிடுங்கி, துளை பெரிதாகிவிடாமல் மெல்லக் குத்தி ஊதினேன். ஆயத்த நேரம் அதிலேயே போய்விட்டது. முதல் இரண்டு குண்டுகள் எட்டாம் வளையத்தில் விழுந்தன. போச்சு, ரைஃபிளும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன். பிறகு கன்னத்தைத் தேக்கில் பதித்தேன். அந்த இடம் எனக்குத் தெரியும், என் விரல் தேய்த்த இடம். மூச்சு அடங்கியது. அதன்பின் ஒன்பதுக்குக் கீழே ஒன்றுகூட இறங்கவில்லை.

தகுதிப் பட்டியலில் கடைசி ஆள் நான். கடைசியாக இருந்தால் என்ன, பட்டியலில்தானே இருக்கிறேன்!

செயலாளர் வந்தார். காலி ரைஃபிளைக் கேட்டு வாங்கித் தன் வலது தோளில் வைத்துப் பார்த்தார். கன்னத்தை அப்படி இப்படித் திருப்பினார்.

"நமக்கு செட் ஆகலையே மேடம்."

"ஆகாது சார். நீங்க வேணா கையை மாத்திப் பாருங்க."