அம்மா தலையில் நிற்கிற ரோஜா

ரோஜா வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், வாசனை பார்ப்பார்கள். நானும் என் அக்காவும் எடை பார்த்தோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்தால் நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினாலு. தென்காசியில், கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பா வக்கீல் குமாஸ்தா. அந்த வருஷம் தை மாதத்தில் அம்மாவுக்கு டைபாய்டு வந்து, ஆளைப் புரட்டிப் போட்டுவிட்டது. அம்மா பிழைத்து எழுந்தாள். முடிதான் பிழைக்கவில்லை. சீப்பு வைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக வந்ததால், ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

அம்மாவின் சடை எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்ல வாய் வராது. இடுப்புக்குக் கீழே தொங்கும். அதில் ரெண்டு முழம் பிச்சிப்பூ வைக்காமல் தெருவில் இறங்கமாட்டாள். இப்போது ரெண்டு விரல்கடை முடியில் பிச்சிச் சரத்தை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு கழுத்தில் வந்து விழுந்தது. ரெண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, சரத்தைச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டு முக்காடு போட்டுக்கொண்டாள்.

முக்காடுதான் வினையாகப் போயிற்று. மாசிக் கடைசியில் ஒருநாள் அம்மா புறவாசலில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். புதிதாகக் கீரை விற்க வந்த ஒரு பொம்பளை பின்னாலிருந்து பார்த்துவிட்டு, அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, “ஐயா எப்பம் தவறிப் போனாக?” என்று கேட்டாள். அந்த ஐயா முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா நெற்றியில் குங்குமம் இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. பின்னாலிருந்து பார்க்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கேள்வி அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அன்றோடு சரி, வாசல்படி தாண்டுவதை நிறுத்திவிட்டாள். யாராவது வந்தால்கூட அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள். ஊர்க்கதை பேசாமல் ஒரு பொழுது இருக்க முடியாத பொம்பளை அவள். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. எனக்கு அந்தக் கீரைக்காரி மேல் இன்னும் கோபம் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் சித்திரை முதல் நாளை விஷு என்போம். விடியற்காலம் கனி பார்த்துவிட்டு, குடும்பத்தோடு குத்தாலம் கோயிலுக்குப் போவோம். அருவியில் அந்த மாதம் தண்ணீர் நூலாகத்தான் வழியும். ஆனாலும் அம்மாவுக்கு அது பெரிய பயணம், பத்து நாளைக்கு முன்னாலேயே பேச்சை ஆரம்பித்துவிடுவாள். அந்த வருஷம் ஆரம்பிக்கவில்லை. நான் கேட்டதற்கு, “நீங்க அப்பாகூடப் போயிட்டு வாங்கட்டி. நான் வரல” என்றாள். சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டாள்.

அக்கா ராத்திரி என்னைத் தட்டி எழுப்பினாள். “சரந்தானட்டி வழுக்குது? ஒத்த ரோஜான்னா நிக்கும். கொண்டை ஊசி வச்சுக் குத்திரலாம். விஷுவுக்கு அம்மைக்கு நாம ரோஜா வாங்கிக் குடுப்போம். பூ வச்சுக்கிட்டா அவ வருவா.”

விஷுவுக்கு முந்தின நாள் இருவரும் பஸ் ஏறிக் குத்தாலம் போனோம். அங்கே ரோஜாச் செடி விற்கிற தோட்டம் ஒன்று இருந்தது, கேட்டால் பூவும் பறித்துக் கொடுப்பார்கள். போனதும் எனக்கு மலைப்பாகிவிட்டது. மஞ்சளில் இருக்கிறது, வெள்ளையில் இருக்கிறது, ஓரம் மட்டும் சிவந்ததும் இருக்கிறது. அக்கா ஒன்றிலும் மயங்கவில்லை. ஒவ்வொரு பூவையும் உள்ளங்கையில் வைத்து ஏந்திப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தாள். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“பூ வாங்க வந்தியளா, கத்திரிக்கா வாங்க வந்தியளா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “எங்க அம்மைக்கு. தலையில நின்னாத்தான் வாங்குவோம்” என்றேன். அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்கு நடந்தார்.

கடைசியில் மூன்று வாங்கினோம். ஒன்று கிண்ணம் அளவுக்கு ரோஸ் நிறத்தில் ஒட்டு ரோஜா, பார்க்க ராணி மாதிரி. அடுத்தது பன்னீர் ரோஜா, வாசனைக்காக நான் அடம்பிடித்து வாங்கியது. மூன்றாவது பாதி விரிந்த சின்னச் சிவப்பு ரோஜா, அதற்குப் பேர் என்னவென்று நாங்கள் கேட்கவில்லை. மூன்றில் எது நிற்கிறதோ அது அம்மாவுக்கு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிக்கல் புரிந்தது. வைத்துப் பார்க்க ஒரு தலை வேண்டுமே. எனக்கும் அக்காவுக்கும் நீளச் சடை. அம்மாவிடமே வைத்துப் பார்த்து, அது விழுந்துவிட்டால், அவள் மனசு என்ன பாடுபடும்? வீட்டில் அம்மா முடியளவுக்கு முடி இருந்தது ஒரே ஓர் ஆளுக்குத்தான். கோர்ட்டு விட்டு வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா அதிகம் பேசாதவர். நெற்றியில் சந்தனம், தோளில் மடிப்புக் கலையாத துண்டு. அவரிடம் போய்க் கேட்க அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் என்னைத் தள்ளிவிட்டாள். நான் ரகசியமாக எல்லாவற்றையும் சொன்னேன், கீரைக்காரி கேட்டதையும் சேர்த்து. அது அவருக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “ம், வையி” என்று தலையைக் குனிந்தார்.

ஒட்டு ரோஜாவை வைத்தோம். அது மெல்லச் சரிந்து, அவர் காதோரம் தொங்கிற்று. பன்னீர் ரோஜாவை வைத்ததும் அப்பா ஒரு தும்மல் போட்டார், இதழ் பூராவும் சந்தன நெற்றியிலும் மூக்கிலும் உதிர்ந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. “அடுத்தது” என்றார். சின்னச் சிவப்பு ரோஜாவை அக்கா ரெண்டு ஊசி போட்டுக் குத்தினாள். நின்றது. தலையை ஆட்டச் சொன்னோம், ஆட்டினார். சாமி கும்பிடுகிற மாதிரி குனியச் சொன்னோம், குனிந்தார். நடக்கச் சொன்னோம், முன்னறைக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். பூ அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில், “அண்ணாச்சி, இருக்கியளா?” என்று குரல் கேட்டது. சுரண்டையிலிருந்து வந்த கட்சிக்காரர், ஏதோ கேஸ் விஷயம், அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. “பேசிக்கிட்டே நடப்போம்” என்று அப்பா துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவரோடு இறங்கிப் போய்விட்டார். தலையில் ரோஜாவோடு.

அக்கா சிலையாக நின்றாள். தெருமுனையில் காப்பிக்கடை. சாயங்காலம் கோர்ட்டுக் கூட்டம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நான் அடுக்களைக்கு ஓடி, “அம்மா, அப்பா தலையில பூ வச்சுக்கிட்டுத் தெருவுல போறாக” என்றேன்.

அம்மா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னது முதலில் அவளுக்கு ஏறவில்லை. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அப்பாவின் முதுகும், அதற்கு மேலே சிவப்பாக ஒரு பொட்டும் தெரிந்தது. “அட கூத்தே” என்றாள். அவ்வளவுதான், படியிறங்கி ஓடிவிட்டாள். நாலு வீடு தாண்டுவதற்குள் முக்காடு நழுவித் தோளுக்கு வந்துவிட்டது, அவள் கவனிக்கவில்லை. “இந்தாங்க, நில்லுங்க. ஏங்க, நில்லுங்கன்னு சொல்லுதேன்லா.” காப்பிக்கடைக்கு முந்தின வீட்டுக்குப் பக்கத்தில் எட்டிப் பிடித்து, அப்பா தலையிலிருந்து ரோஜாவை ஊசியோடு பிடுங்கினாள். கட்சிக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா தலையைத் தடவிப் பார்த்தார். “எனக்கு இல்ல, ஒனக்கு வாங்குனது. என் தலையிலயே நிக்குது” என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நடந்து போனார். அவர் மறந்துதான் போனாரா, வேண்டுமென்றே போனாரா என்று நானும் அக்காவும் இன்றைக்கும் சண்டை போடுகிறோம். ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறு செருப்புமாகக் கோர்ட்டுக்குப் போன மனுஷன் அவர். மறந்துதான் போயிருப்பார் என்பது என் கட்சி.

அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். எதிர்வீட்டு மதினி குழாயடியிலிருந்து குடத்தை வைத்துவிட்டு வந்தாள். “என்ன மதினி, அண்ணாச்சியை விரட்டிக்கிட்டு வாறிய?” அம்மா சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே சிரிப்பு வந்து அவளால் சொல்ல முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைப்பானேன். சிரித்துக்கொண்டே அம்மா ரோஜாவைக் காதுக்கு மேலே வைத்து ஊசியைக் குத்திக்கொண்டாள். இன்னும் ரெண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஆளாளுக்கு அவள் முடியைத் தொட்டுப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்து காட்டினாள்.

“நாளைக்கு நாங்க குத்தாலம் போறோம். நீங்களும் வாங்க மதினி” என்று அவள் சொன்னது வாசல்வரை கேட்டது. அக்கா என் கையை வலிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.

பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. தெருவிளக்கு எரிய ஆரம்பித்தது. அடுக்களையில் சோறு அடிபிடிக்கிற வாசனை வந்தது. நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, அம்மாவை உள்ளே கூப்பிடவில்லை. அன்று ராத்திரி அந்தத் தீய்ந்த சோற்றை அப்பா ரெண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.