தொள்ளாயிரம் கிலோமீட்டர், முக்கால் மணி நேரம்

என் தங்கைக்கு வில்லியனூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு சுரங்கத்தில் இன்ஜினியர் வேலை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கு மட்டும் மனம் ஒட்டவில்லை. குருவிநத்தத்தில் ஒரு பெண்ணை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்து, அவன் சொன்ன வேலையே பொய் என்று ஆகி, அவள் திரும்பி வந்திருந்த சமயம் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். லீவு முடிந்து அன்றைக்குத்தான் சுரங்கத்துக்குத் திரும்பியிருந்தார்.

"பத்து மணிக்கு சின்ன ஃப்ளைட்டுல ஏறினேன். பத்தே முக்காலுக்கு இங்க இறங்கிட்டேன்" என்றார்.

ஏறின ஊர், இறங்கின ஊர் இரண்டையும் கேட்டேன். தயங்காமல் சொன்னார். தயங்காததே எனக்கு உறுத்தியது.

போனை வைத்ததும் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தேன். இரண்டுமே ஈ காக்கை இல்லாத இடங்கள். செம்மண்ணில் ஒற்றை ஓடுபாதை, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான் விமான நிலையம். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்தேன். தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. வேறொரு தளத்தில் போட்டுப் பார்த்தேன். அதே தூரம். காற்றாடி வைத்த சின்ன விமானம் அதை முக்கால் மணி நேரத்தில் எப்படிக் கடக்கும்?

"அம்மா, இந்த ஆளு அங்க இல்லவே இல்ல. பொய் சொல்றாரு" என்றேன்.

"இன்னாடா சொல்ற? தட்டு மாத்த நாள் பாத்தாச்சேடா!" அம்மா பதறிப்போனார்.

தங்கை என்னை முறைத்தாள். "வூட்டுக்குள்ளயே பேசிக்கினு இருந்தா எப்பிடித் தெரியும்? அவரையே கேக்கறேன்." ஸ்பீக்கரில் போட்டாள். "எங்க அண்ணன் தூரத்த அளந்து பாத்துச்சு. நீங்க சொன்ன நேரத்துல போவவே முடியாதாம்."

மாட்டிக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"ரெண்டு ஊருக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம்ங்க, இங்கதான் பின்னாடி" என்றார். "ஏறினப்போ அந்த ஊரு மணி, இறங்கினப்போ இந்த ஊரு மணி. ஃப்ளைட்டுல இருந்தது ரெண்டே கால் மணி நேரம்."

அதையும் தேடிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரே நாட்டுக்குள் இரண்டு நேரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்க அண்ணன் வேற இன்னாலாம் விசாரிச்சாரு?" அவர் குரல் இறுகியிருந்தது.

"ஏன், நீங்க எங்கள விசாரிக்கலியா?"

"எங்க மாமா உங்க பாகூர் கடைத்தெருவுல கேட்டாரு."

"இன்னா சொன்னாங்களாம்?"

"பொண்ணு தங்கமாம். அண்ணன்தான் யாரையும் நம்பமாட்டாராம்."

தங்கை சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். குறித்த நாளிலேயே தட்டு மாற்றினோம். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

கடைத்தெருவில் அப்படிச் சொன்னது யார் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை. எனக்கு உரக்கடைக்காரர் மேல்தான் சந்தேகம்.