காளான் சுரப்பியும் கரப்பான் இல்லாத கடையும்

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் தங்கி விலங்கியல் படித்தேன். அறுபதுகளின் தொடக்கம். கடைக்காரர், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நம்ம கடையில கரப்பானே கிடையாது" என்பார். சொல்லும்போதே அவர் பின்னால் சுவரில் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு போகும். நான் வாயைத் திறந்ததில்லை. வாடகை குறைவு, சாம்பார் ருசி.

செய்முறைத் தேர்வு வந்தது. ஆண் கரப்பானை அறுத்து, விந்துக் குழாய்கள் கூடும் இடத்தில் உள்ள காளான் சுரப்பியைக் காட்ட வேண்டும். எனக்கு அகப்பட்டதெல்லாம் பெண்கள். வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான். தேர்வுக்கு முதல் நாள் காலை, கீழே கடையின் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒருவழியாக ஓர் ஆணைப் பிடித்துப் போத்தலில் அடைத்து நிமிர்ந்தேன். எதிரே சுகாதார இன்ஸ்பெக்டர்.

"இது எங்க புடிச்சது?"

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. உரிமம் போனால் அவர் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். "தம்பி படிப்புக்கு மாடியில வளக்குறாரு சார்" என்றார். என்னைப் பார்த்த பார்வையில் அதுவரை ஊற்றிய சாம்பார் அத்தனையும் இருந்தது.

"கரப்பான்ல படிக்க என்ன இருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் அதைக் கேட்டிருக்கக் கூடாது. மாடியிலிருந்து மயக்க மருந்தும் கத்தரியும் கொண்டுவந்து, என் ஒரே ஆணை அவர் கண்ணெதிரே அறுத்தேன். நாளைக்குத் தேர்வில் என்ன செய்வேன்?

"வால் பக்கம் ரெண்டு பெரிய முள்ளு எல்லாத்துக்கும் உண்டு சார். நடுவுல ரெண்டு சின்ன முள்ளும் இருந்தா ஆண். இந்த வெள்ளைக் குழலெல்லாம் கொத்தா இருக்கு பாருங்க, அதான் காளான் சுரப்பி. இதுல ஊறுறது விந்தைச் சுத்தி உறையாயிடும். நம்ம அண்ணன் இட்லியை இலையில மடிக்கிறாருல்ல, அந்த மாதிரி பொட்டலமா கட்டி, பெண்ணுகிட்ட..."

"போதும் லா," என்ற இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சமையல் நடக்கும் குசினிப் பக்கமே போகாமல் கிளம்பிவிட்டார்.

கடை தப்பியது. நான் மாடியில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கடைக்காரர் ஓர் ஊறுகாய்ப் போத்தலோடு வந்தார். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு மீசைகள்.

"எல்லாம் ஆம்பளதான் தம்பி. சின்ன முள்ளப் பாத்துத்தான் புடிச்சேன்."

"எங்கண்ணே புடிச்சீங்க?"

"பக்கத்துக் கடையில," என்று படியிறங்கினார். வேட்டி முழுக்க அரிசித் தூசி.