அட்டையின் கடைசி வரிசை

மகள் என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனாள். சுவரில் ஓர் அட்டை. எழுத்து கிடையாது. மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி அடையாளங்கள், மேலே பெரிதாக, கீழே போகப் போகப் பொடியாக. பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். கடைக்காரப் பெண் கேட்டு முடிப்பதற்குள் என் கை வியர்த்துவிட்டது. இந்த வயதில் என்னை யார் வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள்? ஆனாலும் வியர்த்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா சமயத்தில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேனாம். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மலாக்காவுக்கு எலெக்ட்ரானிக் கம்பெனிகள் வந்த புதிதில், நாங்கள் இருந்த காஜா பேராங்கில் விடியுமுன்னே பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். அப்பா ரப்பர் மரம் சீவி முதுகு போனவர். தம்பிகள் சின்னப் பிள்ளைகள். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்கள். அம்மாவுக்கோ பெருமை தாங்காது. "எம்மக ஏர்கோன்ல உக்காந்து வேலை செய்யுது" என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். பஸ் நிற்கும் இடத்துப் பையன்கள், "மகாராணிங்களா, கொஞ்சம் காத்து இங்கயும் அனுப்புங்க" என்பார்கள்.

ஏர்கோன் எங்களுக்காக வைத்ததில்லை, சாமான் கெடாமல் இருக்க வைத்தது. விரல் விறைத்துப் போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம் என்றால் எண்ணெய் கூடாது. பொட்டும் கூடாது, தூள் உதிருமாம். கக்கூசுக்குப் போக ஒரு மரக்கட்டை உண்டு. ஒரு லைனில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். அது திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரேடியோவுக்குள் போகிற சில்லில் தங்கக் கம்பி ஒட்டும் வேலை எங்களுக்கு. முடியைவிட மெல்லிய கம்பி. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்போம். ஒரு வருஷத்தில் எனக்குத் தூரம் மங்கிப் போனது. பஸ் நம்பர் தெரியாது. வேறு பஸ்ஸில் ஏறி, ஊர் சுற்றி வந்திருக்கிறேன்.

சில மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் கண் பரிசோதனை வரும். கடைசி வரிசையைத் தப்பாகச் சொன்னால் அன்றைக்கே வீடு. கண்ணாடி போட்டவளையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணைக் கெடுத்தது யார் என்ற பேச்சே கிடையாது. வாசலில் எப்போதும் வேறு பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

என் பக்கத்து இருக்கைக்காரி சரோஜா. புக்கிட் காதிலிலிருந்து வருவாள். அவள் கண் கழுகுக் கண். அட்டையை மனப்பாடம் செய்து எனக்குப் பாடம் எடுத்தது அவள்தான். பஸ்ஸில் என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் கோடு இழுப்பாள். மேலே, வலது, வலது, கீழே. தப்பினால் நறுக்கென்று கிள்ளுவாள்.

"கண்ணைச் சுருக்காதடீ. சுருக்கினா மிஸி கண்டுபிடிச்சிரும்."

நர்ஸை நாங்கள் மிஸி என்போம். அப்படியே இரண்டு பரிசோதனை தாண்டினேன்.

மூன்றாவது தடவை வரிசையில் எனக்கு முன்னால் சரோஜா நின்றாள். உள்ளே போனவள் வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. அட்டையை மாற்றியிருக்கிறார்கள். அதே அளவு, அதே சுவர். ஆனால் கடைசி வரிசை வேறு. அந்த வாரம் முழுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்த வாய், பழைய பாடத்தையே ஒப்பித்துவிட்டது. பார்க்கவே இல்லை அவள். திறந்திருந்த கதவருகே நின்று அட்டையைக் காட்டி, நன்றாகத் தெரிகிறது, இன்னொரு தடவை கேளுங்கள் என்று மலாயில் கெஞ்சினாள். சூப்பர்வைசர் அடுத்த ஆளை வரச் சொன்னான்.

அடுத்த ஆள் நான்.

"போய்ட்டு வரேன்லா" என்று சத்தமாகச் சொல்லி என் கையைப் பிடித்தாள். சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் விரல் என் உள்ளங்கையில் அழுத்தமாக நாலு கோடு இழுத்தது. இடது, மேலே, கீழே, இடது. கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்திலேயே பார்த்து வைத்திருக்கிறாள்.

உள்ளே போய் அதைச் சொன்னேன். மிஸி தலையை ஆட்டினார். கண் தெரியாதவள் லைனுக்குத் திரும்பினேன். கண் தெரிந்தவள் வெயிலில் நடந்து போனாள்.

அதன் பிறகும் அங்கேதான் இருந்தேன். கண்ணாடி வாங்கவில்லை. ரோட்டில் போட்டாலும் யாராவது பார்த்துக் கம்பெனியில் சொல்லிவிடுவார்கள் என்று பயம். சரோஜா போன பிறகு கண் இன்னும் மோசமாகி, இரண்டடி தள்ளி நின்றால் எல்லா முகமும் மாவு பூசின மாதிரிதான் இருக்கும். அது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். மறுவாரம் லைனில் கூட வேலை செய்த ரொஸ்னா, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று சரோஜா அத்தனை நேரம் கையாட்டினாளாம். நான் நேரே பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தேனாம். "வேலை நெலச்சதும் என்னைத் தெரியல" என்று சரோஜா சொன்னாளாம்.

லீவு கிடைத்த நாளில் புக்கிட் காதிலுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஜொகூர் பக்கம் போய்விட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றார் அடுத்த வீட்டு அம்மா.

அடுத்த பரிசோதனையில் எனக்கும் வேலை போனது. கையில் கோடு இழுக்க ஆள் இல்லை.

கம்பெனி எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். சரோஜா இருந்த வரிசை வீடுகளையும் இடித்துவிட்டார்கள். அவள் எங்கே இருந்தாலும், நான் பார்த்துவிட்டுத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.